பல்லுக்கொழுக்கட்டையும் சூத்தைப்பல்லும்: யாழ்ப்பாணக் குடும்பத்திற் குழந்தையின் பல் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சமூக வரலாறு பற்றிய எழுத்துக்களில் நிலம், சாதி, சமயம், கல்வி, உத்தியோகம் ஆகியன பெற்ற இடத்தினைக் குழந்தையின் உடல் பெற்றதில்லை. அதிலும் குழந்தையின் பல் என்பது மருத்துவருக்கும் தாய்மாருக்கும் உரிய சங்கதி, வரலாற்று மாணவனுக்கு அதனிடத்து வேலையில்லை என்ற எண்ணமே நிலவி வந்துள்ளது. ஆயின், யாழ்ப்பாணக் குடும்பம் தன்னை ஊரறியக் காட்டிக்கொள்ளும் சடங்குகளுள் ஒன்று குழந்தையின் முதற்பல்லையே மையமாகக் கொண்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. அதே பல் மூன்று நான்கு ஆண்டுகளின் பின் சூத்தையாகி நள்ளிரவிற் குத்தத் தொடங்கும்போது, அன்று கூடியிருந்த சுற்றத்தவர் எவரும் பக்கத்தில் இல்லை. தாய் மட்டுமே இருக்கிறாள். கவனியாமல் விட்டாள் என்ற பழிச்சொல்லும் அவளுக்கே உரியதாகின்றது. பல் முளைத்தல் சுற்றத்தின் பொதுநிகழ்ச்சியாகவும் பல் அழிதல் ஒரு பெண்ணின் தனிக் குற்றமாகவும் அமைந்தமை எவ்வாறு என்பதனையே இங்கு நாம் நோக்க விழைகின்றோம்.

சடங்கிலிருந்தே தொடங்குவோம். குழந்தைக்குப் பல் தென்பட்டதும் நல்ல நாள் பார்த்து, பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் உள்ளிட்ட கொழுக்கட்டை அவிப்பர். அவற்றுட் சிலவற்றின் விளிம்பிலே தேங்காய்ச் சொட்டுக்களைப் பல்வரிசை போலச் செருகுவர். குழந்தையை நடுவே இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து, கொழுக்கட்டைகளைச் சொரிவர். மாமிமாரும் அம்மம்மா, அப்பம்மாமாரும் முன்னிற்பர். பின்னர் குழந்தையின் எதிரே ஏடு, பேனா, கத்தி, நகை, காசு முதலியன பரப்பப்படும். குழந்தை எதனைத் தொடுகின்றதோ அதனைக் கொண்டு அதன் எதிர்காலம் ஊகிக்கப்படும்.

மானிடவியலாளர் இதனை வளச் சடங்கு என்பர். அரிசியும் தேங்காயும் சொரியப்படுதல் அதற்குச் சான்றாகும். நாம் அதனை மறுக்கவில்லை. ஆனால் நமது கவனத்தை ஈர்ப்பது அந்தத் தட்டு. ஏட்டையோ பேனாவையோ குழந்தை தொட்டதும் வீட்டார் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சிக்குப் பின்னால், அமெரிக்க மிஷனரிமாரின் பள்ளிகளும், அவற்றுக்கு எதிர்வினையாக எழுந்த சைவப் பள்ளிகளும், அப்பள்ளிகள் வழியே கொழும்புக்கும் மலாயாவுக்கும் சென்ற எழுதுவினைஞர் வர்க்கமும் உள்ளன. நாம் கண்டவரையில் அத்தட்டில் மண்வெட்டியையோ சீவற்கத்தியையோ எவரும் வைப்பதில்லை. மண்ணைக் கொத்தி வாழ்பவன் வீட்டிலும் வைப்பதில்லை. ஆளும் வர்க்கத்தின் ஆசைகளே ஒரு சமூகத்தின் பொது ஆசைகளாகவும் அமையும் என்பதற்கு இதனிலும் எளிய எடுத்துக்காட்டினைத் தேடவேண்டியதில்லை.

இச்சடங்கிற் பல்லின் வருகை கொண்டாடப்படுகின்றதேயன்றி அதன் பேணுகை பற்றி எதுவும் பேசப்படுவதில்லை. பேணுகை பற்றிய பேச்சு வேறோரிடத்தில் நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே குடாநாட்டில் அது இரு வேறு எழுத்துக்களில் இடம்பெற்றது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கிய சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவரைப் பயிற்றினார். உடலமைப்பு, உடற்றொழில், உடல்நலம் மூன்றையும் உள்ளடக்கிய 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' அம்முயற்சிகளுள் ஒன்று. மறுபுறம் ஆறுமுக நாவலர் தமது 'சைவ வினாவிடை' இரண்டாம் புத்தகத்தில் நித்திய கருமங்களுள் ஒன்றாகத் தந்தசுத்தியை வகுத்துரைத்தார். ஒன்றில் பல் உடலின் உறுப்பு. மற்றதில் பல்லைத் துலக்குதல் அனுட்டானத்தின் முதற்படி. நோக்கில் எதிரெதிரானவையாயினும், சாதாரண வாசகன் விளங்கிக்கொள்ளும் தமிழ் உரைநடையில் உடலைப் பற்றிப் பேசலாம் என்பதில் இரண்டும் ஒன்றுபட்டன. கிறீன் 1873இல் நாடு திரும்பிய பின்னர் மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்கும் அம்மரபு தளர்ந்து, மருத்துவ அறிவு ஆங்கிலத்தின் உடைமையானமை குடாநாட்டுத் தாய்மாருக்கு ஏற்பட்ட இழப்பாகும். இவ்விழப்பு இன்னும் உரியவாறு மதிப்பிடப்படவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

நாவலரின் தந்தசுத்தியாயினும் கிறீனின் உற்பாலனமாயினும், இரண்டும் ஒரு முன்நிபந்தனையை எடுத்துக்கொண்டே பேசின. வாசகனுக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் உண்டு என்பதே அந்நிபந்தனை. ஆறில்லாத குடாநாட்டில் தண்ணீர் என்பது கிணறு. கிணறு என்பது காணி. காணி என்பது சாதி. தமக்கெனக் கிணறில்லாத ஒடுக்கப்பட்ட மக்களின் பெண்கள் உயர்சாதியினரின் கிணற்றுக்கு வெளியே குடத்துடன் காத்து நின்று, உரியவர் வந்து அள்ளி ஊற்றும்வரை பொறுத்திருந்த காலம் மிகப் பழைய காலமன்று. டானியல் தமது நாவலொன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டமை தற்செயலானதன்று. இவ்வாறு பெற்ற ஒரு குடம் நீர் முதலிற் சமையலுக்கு, பின்னர் குடிப்பதற்கு. குழந்தையின் வாய்க்கு எஞ்சுவது எவ்வளவு என்பதனை நாம் ஊகித்துக்கொள்ளலாம். தண்ணீரை மறுத்தவர்களே அம்மக்களைச் சுத்தமில்லாதவர்கள் என்றனர். சுத்தமில்லாதவர்கள் என்பதனையே தண்ணீரை மறுப்பதற்கான நியாயமாகவும் காட்டினர். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் ஏட்டளவில் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆயின் தேநீர்க்கடையிலும் கோயிலிலும் அது நடைமுறைக்கு வர 1966 ஒக்ரோபர் 21 எழுச்சி ஊர்வலமும் அதனைத் தொடர்ந்த போராட்டங்களும் தேவைப்பட்டன என்பதை இவ்வாய்விதழின் வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி உணவுக்கு வருவோம். பற்சூத்தை என்பது வாயிலுள்ள நுண்ணங்கிகள் இனிப்பினை உண்டு வெளிவிடும் அமிலம் பல்லின் மிளிரியைக் கரைப்பதால் உண்டாவது. எவ்வளவு இனிப்பு உண்கிறோம் என்பது மட்டுமன்றி, நாளொன்றுக்கு எத்தனை தடவை உண்கிறோம் என்பதும் முக்கியமானது. உணவு வேளைகளுக்கிடையே அடிக்கடி உண்ணும் ஒட்டும் இனிப்பே மிகக் கேடானது என்பதனைச் சுவீடனின் விப்பகோம் நிறுவனத்தில் 1940களில் தொடங்கி நிகழ்ந்த பரிசோதனைகள் நிறுவின. அப்பரிசோதனைகள் மனவளர்ச்சி குன்றியோரிடத்து, அவர்களது சம்மதம் இன்றியே, இனிப்புத் தயாரிப்பாளரின் பண உதவியும் பெற்று நடத்தப்பட்டவை. குழந்தைக்கு எப்போது ரொபி கொடுக்கலாம் என இன்று சுகாதார ஊழியர் கூறும் எளிய அறிவுரைக்குப் பின்னால், மறுப்புரைக்க இயலாத மனிதரின் அழிந்த பற்கள் இருக்கின்றன.

இந்த அளவுகோலைக் கொண்டு குடாநாட்டின் உணவு வரலாற்றை நோக்கும்போது ஓர் உண்மை புலனாகும். பனைப் பொருளாதாரத்தில் இனிப்பு இல்லாமல் இல்லை. பனங்கட்டியும் பனாட்டும் இனிப்புத்தான். அவையும் பல்லைக் கெடுக்கும். பனங்கட்டிக் காலத்தில் சூத்தை இல்லை என்று பழமை பாராட்டுவோருடன் நாம் உடன்படுவதற்கில்லை. ஆயின் அவ்வினிப்புக்குப் பருவம் உண்டு, நாள் உண்டு. ஆடிப்பிறப்புக் கூழும் கொழுக்கட்டையும் ஆடிப்பிறப்புக்கே உரியன. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாடல் அந்நாளை அவ்வளவு குதூகலத்துடன் வரவேற்பதன் காரணம், அது ஆண்டில் ஒருநாள் மட்டுமே வருவது என்பதுதான். மற்றைய நாட்களிற் சிறுவர் மென்றது புழுக்கொடியல். அது வாயில் ஒட்டிக்கிடக்கும் பண்டமன்று. கடித்து மெல்ல நெடுநேரம் எடுப்பது.

வெள்ளைச் சீனி இவ்வொழுங்கினை உடைத்தது. கரும்புத் தோட்ட அடிமை உழைப்பிலே பிறந்து, பிரித்தானியத் தொழிலாளியின் தேநீர்க் கோப்பைக்குள் புகுந்து, குறைந்த கூலியில் அவனை வேலைசெய்ய வைத்த மலிவான சக்தியாகச் சீனி மாறிய வரலாற்றைச் சிட்னி மின்ற்ஸ் 1985இல் வெளியான தமது நூலில் விளக்கியுள்ளார். யாழ்ப்பாணத்துக்கு அது அதே தேநீருடன் வந்தது. விடியற்காலைத் தேநீர், பத்துமணித் தேநீர், மாலைத் தேநீர், விருந்தினர் வந்தால் இன்னொன்று எனப் பெரியவரின் நாள் துண்டாடப்பட்டபோது, பெரியவரின் கோப்பையில் மிஞ்சியதைக் குடிக்கும் குழந்தையின் வாயும் நாள் முழுவதும் இனிப்பில் ஊறத் தொடங்கியது. பாணும் பணிசும் உடன் வந்தன. உள்ளங்கையில் சீனியையோ பனங்கட்டியையோ வைத்துக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிக்கும் பழக்கம் வறுமையின் சிக்கனம். பல்லுக்கு அது சிக்கனமன்று.

தேநீரைப் பற்றிப் பேசும்போது அதனைக் கொய்தவரையும் நினைத்துக்கொள்ளுதல் பொருத்தமாகும். 1970 முதல் 1985 வரை மேனாட்டுப் பல்மருத்துவ ஆய்வாளர் ஹெரால்ட் லோவும் அவரது குழுவினரும் இலங்கையின் தேயிலைத் தோட்ட ஆண் தொழிலாளர் 480 பேரின் வாயினைத் தொடர்ந்து பரிசோதித்தனர். ஒஸ்லோ நகரத்தின் கல்விகற்ற ஆண்கள் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டனர். தொழிலாளருட் பதினான்கு, பதினைந்து வயதுச் சிறுவரும் இருந்தனர். அவர்கள் பல் தீட்டும் வழக்கமோ பற்சிகிச்சையோ அற்றவர்கள். அவர்களிடம் பற்சூத்தை மிக அரிது. ஆனால் முரசு நோய் ஏறக்குறைய எல்லோரையும் பற்றியிருந்தது. இந்நோய் ஏறத்தாழ எட்டு வீதத்தினரில் விரைவாகவும், பெரும்பான்மையோரில் மிதமாகவும் முன்னேறியது. பதினொரு வீதத்தினர் மட்டும் அதிலிருந்து தப்பினர். உலகெங்கும் பல்மருத்துவ மாணவர் கற்கும் இவ்வாய்வு, நோயின் 'இயற்கை வரலாறு' என்று பெயர் பெற்றது. தோட்டத் தொழிலாளியின் வாய்க்குப் பதினைந்து ஆண்டுகளாகச் சிகிச்சை கிட்டாமை இயற்கையின் செயலன்று. அது கூலியின் செயல். தோட்ட முறைமையின் செயல். எனினும் அவ்வாய்வு நமக்கு ஒன்றைத் தெளிவாக்குகின்றது. பல் தீட்டாமை மட்டும் சூத்தையை உண்டாக்குவதில்லை, இனிப்பு வேண்டும். குடாநாட்டுத் தாயின் மேல் சுமத்தப்படும் 'பல்லுத் தீட்டிவிடவில்லை' என்ற குற்றச்சாட்டு, பாதி உண்மையே.

அத்தாயின் வீடு எப்படிப்பட்டது? இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கக் குடும்பம் 'மணியோடர்' குடும்பமாகவே இருந்தது. தந்தை கொழும்பிலோ கண்டியிலோ உத்தியோகத்தில். தாயும் பிள்ளைகளும் ஊரில். தந்தை விடுமுறையில் வரும்போது பையில் இனிப்பு வரும். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பின் இவ்வருகை மேலும் எளிதாயிற்று. இல்லாத தந்தையின் அன்புக்கு ஈடாக இனிப்பு நின்றது. அதனை மறுக்கும் தாய் அன்பை மறுப்பவளானாள். மாமியார் முன்னிலையில், கணவனின் தமையன் கொண்டுவந்த பொதியைப் பிள்ளையின் கையிலிருந்து பறிக்கக்கூடிய மருமகள் எத்தனை பேர்?

உழைக்கும் வர்க்கத்தின் நிலை வேறு. வெங்காயத் தோட்டத்திலும் மிளகாய்த் தோட்டத்திலும் நாட்கூலிக்குச் செல்லும் தாய், கைக்குழந்தையை எட்டு வயது மூத்தவளிடம் விட்டுச் செல்கிறாள். அழும் குழந்தையை அடக்க அச்சிறுமி அறிந்த வழி சீனித் தண்ணீர்ப் போத்தல். ஏங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றிய நூலில், ஆலைக்குச் செல்லும் தாய்மார் குழந்தைகளை உறங்கவைக்க அபின் கலந்த மருந்துநீர் கொடுத்ததைப் பதிவுசெய்கிறார். அவர் குற்றம் சாட்டியது தாய்மாரையன்று. தாயைக் குழந்தையிடமிருந்து பன்னிரண்டு மணிநேரம் பிரித்த ஆலையை. சீனித் தண்ணீர் அபினன்று. ஆயின் இரண்டினதும் சமூகத் தர்க்கம் ஒன்றே. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் பால்மாவையும் பொதிசெய்த இனிப்புக்களையும் விளம்பரத்துடன் வீட்டுக்குள் கொண்டுவந்தது. குழந்தைப் பால்மா விற்பனைக்கு உலக சுகாதார அமைப்பு 1981இலும் இலங்கை அரசு 1983இலும் ஒழுக்கக்கோவை வகுக்க நேர்ந்தமை, அவ்விளம்பரத்தின் வலிமைக்குச் சான்று.

சூத்தை குத்தும் இரவு எல்லோரும் அறிந்ததே. கன்னம் வீங்கிய பிள்ளை, கராம்பு, உப்புநீர், உறங்காத தாய், மறுநாள் வேலை போகும் என்ற கவலை. வைத்தியசாலைக்குச் சென்றால் ஒருநாட் கூலி இல்லை. பிள்ளைக்குப் பள்ளியும் இல்லை. வீட்டிலுள்ள கடைக்குட்டியைப் பார்க்க மூத்த பெண்பிள்ளைக்கும் பள்ளியில்லை. ஒரு சிறு துளை ஒரு குடும்பத்தின் மூவரது நாளை விழுங்குகின்றது. எனவே சிகிச்சை தள்ளிப்போடப்படுகின்றது. தள்ளிப்போட்ட பின்னர் அடைக்க முடியாது, பிடுங்கத்தான் முடியும்.

முன்னாளில் இதற்குப் பூச்சியே காரணம் என்றனர். கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிப்பித்துப் பல்லுப் பூச்சியை வீழ்த்துவர். இந்நம்பிக்கை தமிழருக்கே உரியதன்று. பண்டைப் பபிலோனியர் முதலாகப் பல நாட்டினரிடமும் இருந்தது. 1728இல் பிரெஞ்சு மருத்துவர் பியர் போசார் தமது நூலில் அதனை மறுத்தார். அறிவியல் நோக்கிற் பூச்சிக் கொள்கை பிழையானது. அதற்காக வாதிட நாம் முன்வரவில்லை. எனினும் அக்கொள்கையில் தாய் குற்றவாளியல்லள் என்பதை அவதானிக்க வேண்டும். பூச்சி யார் வீட்டிலும் புகும். அதன் இடத்துக்கு வந்த சரியான கொள்கையோ, சுகாதாரச் சுவரொட்டியிலும் கருத்தரங்கிலும் பாதிவழியே வந்து, தாயின் கையிலிருக்கும் பற்தூரிகையுடன் நின்றுவிட்டது. சீனியை இறக்குமதி செய்தவன், ரொபியை விளம்பரப்படுத்தியவன், தாயின் நாளைக் கூலிக்கு வாங்கியவன் ஆகியோர் வரை அது செல்லவில்லை. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பில் கோபால் பற்பொடியின் விளம்பரம் ஒலித்த காலத்தை மூத்தோர் நினைவுகூர்வர். பல்லைப் பேணலும் வாங்கவேண்டிய பண்டமாயிற்று.

இப்பின்னணியில் நோக்கும்போது பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவையின் முக்கியத்துவம் விளங்கும். 1921இல் நியூசிலாந்து, பெண்களைப் பல் தாதியராகப் பயிற்றிப் பள்ளிகளுக்கே அனுப்பும் முறையைத் தொடங்கியது. 1950களில் இலங்கை அம்முறையை ஏற்றது. முதலில் நியூசிலாந்திற் பயின்ற இலங்கைப் பெண்களும் பின்னர் மகரகமையிற் பயின்றோரும் பாடசாலைச் சிகிச்சை நிலையங்களிற் பணியாற்றினர். இதன் புரட்சிகரத் தன்மை போதியளவு உணரப்படவில்லை. பிள்ளை பள்ளியில் இருக்கும்போதே பல் அடைக்கப்பட்டுவிட்டால், தாயின் கூலி போகாது. அவள் இரவு விழிக்க வேண்டியதில்லை. அவள்மேற் பழியும் இல்லை. குடும்பத்துக்குள் ஒரு பெண்ணின் தலையில் இருந்த சுமையொன்று சமூகத்தின் பொறுப்பாக மாற்றப்படுகின்றது. ஆயின் அச்சேவை பள்ளிக்கு வரும் பிள்ளைக்கே கிட்டும். 1929-30இல் சமாசனத்துக்கும் சமபோசனத்துக்கும் எதிராகப் பள்ளிகளுக்கே தீவைத்த ஒரு சமூகத்தில், யார் பிள்ளை பள்ளிக்கு வந்தது, எத்தனையாம் வகுப்புவரை வந்தது என்பது பல்லின் வரலாறும் ஆகும். மேலும் பாற்பற்கள் கெடுவது பள்ளிக்கு வருமுன்னரே.

போர் இவ்வமைப்பினைக் குலைத்தது. 1990இற் தொடங்கிய பொருளாதாரத் தடையும், மின்சாரமற்ற ஆண்டுகளும், 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதுமே பெயர்ந்த பேரிடப்பெயர்வும், 2006இல் ஏ-9 பாதை மீண்டும் மூடப்பட்டமையும் குடாநாட்டின் சிகிச்சை நிலையங்களை எந்நிலைக்கு உள்ளாக்கின என்பது பலரது நேரடி அனுபவம். பலர் உமிக்கரிக்கும் உப்புக்கும் வேப்பங்குச்சிக்கும் திரும்பினர். இரண்டாம் உலகப் போரின்போது சீனி அருகியதால் நோர்வேயின் பள்ளிப்பிள்ளைகளிடம் சூத்தை குறைந்ததென்பது பல்மருத்துவ வரலாறு அறிந்த செய்தி. இதனைக் கொண்டு தடைக்காலம் உடல்நலக் காலம் என்று பேசுவோரை நாம் சந்தித்திருக்கிறோம். சீனியைத் தடுத்த அதே சோதனைச்சாவடிதான் மருந்தையும் தடுத்தது. முகாமில் வீங்கிய கன்னத்துடன் படுத்திருந்த பிள்ளையின் தாய்க்கு நோர்வேப் புள்ளிவிவரத்தால் ஆறுதல் கிடைத்திராது.

2009க்குப் பின் பாதை திறந்தது. திறந்த பாதையால் முதலில் வந்தவை நிதிக் கம்பனிகளும் பொதிசெய்த இனிப்புக்களும். தந்தையின் யாழ்தேவிப் பொதியின் இடத்தில் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சித்தப்பாமார் கொண்டுவரும் சொக்கிலேற் பெட்டி. யாழ்ப்பாண நகரில் தனியார் பற்சிகிச்சை நிலையங்கள் பெருகியுள்ளன. வெளிநாட்டுப் பணம் வரும் வீட்டுப் பெண்பிள்ளைக்குப் பதின்மூன்று வயதிற் பல்லுக்குக் கம்பி போடப்படுகின்றது. அதன் செலவு சீதனக் கணக்கின் முற்பணம் போன்றது என்று கூறினாற் பிழையாகாது. முன்தள்ளிய பல் கலியாணப் பேச்சிற் பேரம்பேசப்படும் ஒன்றாகவே இன்றும் உள்ளது. அதே ஊரில் கூலியாள் வீட்டுப் பிள்ளையின் கடைவாய்ப்பல் அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகப் பிடுங்கப்படுகின்றது. ஒரே சுற்றாடல், ஒரே கிணற்று நீர், ஒரே கடை ரொபி. முடிவுகள் மட்டும் இரண்டு. இலங்கையின் 2015-16 தேசிய வாய்ச்சுகாதார ஆய்வில் ஐந்து வயதுப் பிள்ளைகளுட் பாதிக்கு மேற்பட்டோரிடம் சூத்தை காணப்பட்டது. உலகில் 51 கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகள் பாற்பற் சூத்தைக்குச் சிகிச்சையின்றி இருப்பதாக உலக சுகாதார அமைப்பின் 2022ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. ஐம்பத்தொரு கோடித் தாய்மார் ஒரே வேளையிற் கவனமற்றவராயினர் என்று எவரேனும் வாதிடுவாராயின், அவருக்கு மறுமொழி கூறும் கடப்பாடு நமக்கில்லை.

இன்று பல்லுக்கொழுக்கட்டைத் தட்டிற் பேனாவுடன் மருத்துவரின் இதயத்துடிப்பு மானியும், சில வீடுகளிற் கைக்கணினியும் வைக்கப்படுகின்றன. சடங்கு மண்டபத்துக்குப் பெயர்ந்துள்ளது, படப்பிடிப்பாளர் வந்துள்ளார். கொழுக்கட்டை சொரியும் மாமியின் கையும், விலகி நின்று பிள்ளையைப் பிடித்திருக்கும் தாயின் கையும் படத்தில் விழுகின்றன. மூன்று ஆண்டுகளின் பின், கிளினிக் நாள் செவ்வாயா வியாழனா, வெங்காயம் கிண்டும் வேலை எந்நாளில் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பவள் அந்த இரண்டாமவள்.